மண் பாதைக்கு எத்தனை பாயிண்ட் காற்று?

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போல மண்ணிலும் ஓடும் பைக் ஒன்றை வாங்கிய கையோடு தம்பிமார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, மண்ணுல ஓட்ட எத்தனை பாயிண்ட் வைக்கணும்?" ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம், அவர்களும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். ஆனால் நான் சொல்வதில்லை. எந்த மண், சக்கரத்துக்குள் டியூப் இருக்கிறதா, உன் எடை என்ன, பின்னால் மூட்டை கட்டுவாயா, எவ்வளவு வேகத்தில் போவாய் என்று திருப்பிக் கேட்பேன். இந்த ஐந்தும் தெரியாமல் சொல்லப்படும் எந்த எண்ணும் வேறு யாருடைய வண்டிக்கோ உரிய எண். அதை நம்பி நடுக்காட்டில் ரிம்மை நெளித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

முதலில் இந்த 'பாயிண்ட்' என்னவென்று பார்த்துவிடுவோம். பஞ்சர் கடையில் பாயிண்ட் என்று சொல்வது பிஎஸ்ஐ. ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், 30 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. காற்றை அளக்கும் சில கேஜ்களில் 'பார்' என்று போட்டிருக்கும். ஒரு பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ. இதற்கு மேல் அலகுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எக்ஸ்பல்ஸ் 200 வண்டி 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 80 கிலோ. மொத்தம் 240. இதில் பாதிக்குச் சற்று அதிகம், அதாவது 130 கிலோ, பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. டயருக்குள் 30 பிஎஸ்ஐ இருந்தால், அந்த 130 கிலோவைத் தாங்க 130-ஐ 2.1-ஆல் வகுத்த அளவு பரப்பு தரையில் படிய வேண்டும். 62 சதுர சென்டிமீட்டர். மூன்றரைத் தீப்பெட்டிகளைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்த இடம், அவ்வளவுதான். காற்றை 20-க்கு இறக்கினால் இந்தப் பரப்பு 93 ஆகிறது, 15-க்கு இறக்கினால் 124. டயரின் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளும் தாமே கொஞ்சம் எடையைத் தாங்குவதால், நிஜத்தில் தரையில் படியும் பரப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் விஷயம் மாறாது: காற்றைப் பாதியாக்கினால் தரையைப் பிடிக்கும் இடம் ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தப் பரப்பு அகலவாக்கில் பெரிதாக விரிவதில்லை. நீளவாக்கில்தான் கூடுகிறது. ஒரு காலிமனையில் ஈர மண்மேல் வண்டியை ஒருமுறை 30-லும் ஒருமுறை 18-லும் நிறுத்திவிட்டு நகர்த்திப் பாருங்கள். இரண்டாவது தடம் நீண்டிருக்கும். முதல் தடத்தில் இரண்டு மூன்று வரிசைப் பட்டன்கள், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள், பதிந்திருந்தால், அடுத்ததில் கூடவே ஒரு வரிசை பதிந்திருக்கும். அந்த ஒரு வரிசை பட்டன்தான் ஏற்றத்தில் வண்டியை மேலே தள்ளுகிறது.

காற்று குறைந்த டயர் இன்னொரு வேலையும் செய்கிறது. முஷ்டி அளவு கல் ஒன்று குறுக்கே கிடக்கிறது. கல் மாதிரி இறுகிய டயர் அதன் மேல் ஏறி, துள்ளி, அப்புறம் இறங்குகிறது. துள்ளுகிற அந்தக் கணத்தில் டயருக்குத் தரையோடு தொடர்பே இல்லை. பிரேக்கும் பிடிக்காது, ஹேண்டிலும் கேட்காது. கொஞ்சம் தளர்ந்த டயர் அந்தக் கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு கடந்துபோகிறது. சஸ்பென்ஷன் வேலை செய்வதற்கு முன்பே டயர் பாதி வேலையை முடித்துவிடுகிறது. கை வலி குறைவதும் இதனால்தான். மண் பாதையில் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கும்போது விரல்கள் மரத்துப்போகிறதென்றால், கிளவுஸை மாற்றுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

நான் இதை உடம்பால் புரிந்துகொண்டது தேரியில். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் பனைமரங்களுக்கு நடுவே சிவந்து கிடக்கும் மணல் மேடுகளைத் தேரி என்பார்கள். இரும்பு கலந்ததால் வந்த சிவப்பு. சில பகுதிகள் காப்புக்காடு, அங்கே வண்டி கொண்டுபோகக் கூடாது. ஊருக்கும் ஊருக்கும் இடையே மக்கள் புழங்கும் மணல் வழிகள் தனியாக இருக்கின்றன. அப்படி ஒரு வழியில் தார் ரோட்டுக் காற்றோடு, முன்னால் 26, பின்னால் 30 என்று, நுழைந்தேன். முன் சக்கரம் கலப்பை மாதிரி மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் வண்டி நேராகவே போகிறது. நேராகப் பிடித்தால் தானாக வலது பக்கம் மடிகிறது. 200 மீட்டருக்குள் மூன்று முறை கால் ஊன்றினேன். ஒரு பனை மூட்டில் நிறுத்தி, வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் ஊசியை அழுத்தி, 'புஸ்' என்று விட்டு விட்டு அளந்து, இரண்டு சக்கரத்தையும் 17-க்குக் கொண்டுவந்தேன். மறுபடி ஏறி உட்கார்ந்தபோது வண்டி சற்று உட்கார்ந்து கொடுத்தது. கிளட்சை விட்டதும் கிளம்பிய விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறி நின்றது. அதே மணல், அதே வண்டி, அதே ஆள்.

காரணம் எளிது. டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் டயர் தரைக்குக் கொடுக்கிறது. வயலில் பரம்பு அடிக்கும்போது பலகை மேல் நிற்பவர் சேற்றில் அமிழ்வதில்லை. பலகையிலிருந்து இறங்கினால் முழங்கால் வரை போய்விடும். ஆளின் எடை மாறவில்லை, எடை பரவும் இடம்தான் மாறியது. மணலில் காற்றைக் குறைப்பது உங்கள் சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகை போடுவது.

அப்படியானால் எப்போதும் 15-ல் ஓட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தேரியில் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த மாதம் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓர் ஓடைப் பாதைக்கு அதே 17-ஐ வைத்துக்கொண்டு போனேன். கூழாங்கல்லும் உடைந்த பாறையும் கிடக்கும் பாதை. ஒரு படிக்கல்லில் முன் சக்கரம் மோதியபோது 'டொக்' என்று ஒரு சத்தம். ரப்பர் சத்தமில்லை, உலோகச் சத்தம். பத்தடி போவதற்குள் ஹேண்டில் கனத்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்து பஞ்சர் கடையில் டியூபைக் கழற்றினோம். கடைக்காரப் பெரியவர் அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் இரண்டு சரமாகக் குமிழி கிளம்பியது. இரண்டு ஓட்டைகள், விரற்கடை இடைவெளி, ஒன்றுக்கொன்று நேராக. "இது ஆணி இல்ல தம்பி. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூபு நசுங்கியிருக்கு. பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு பல்லு பாருங்க" என்றார். பிறகு ரிம் விளிம்பில் விரலை ஓட்டி, நெளிந்த இடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

இந்தப் பாம்புக்கடிதான் காற்றைக் குறைப்பதற்கு நாம் கொடுக்கக்கூடிய விலை. டயருக்குள் இருக்கும் காற்று ஒரு மெத்தை. கல் அழுத்தும்போது மெத்தை முழுக்க அமுங்கிப்போனால், அடுத்ததாகக் கல்லைச் சந்திப்பது ரிம். நடுவில் மாட்டிக்கொள்வது டியூப். இதில் வேகத்தின் பங்கு பலருக்குப் புரிவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் 17 பாயிண்டில் தொந்தரவில்லாமல் கடந்த அதே கல், 40-ல் ரிம்மை நெளித்துவிடும். அதனால் 'எத்தனை பாயிண்ட்' என்ற கேள்விக்குள்ளேயே 'எவ்வளவு வேகத்தில்' என்பதும் ஒளிந்திருக்கிறது.

என் பிடிவாதமான கருத்து ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பாதைகளில் புதியவர்கள் காற்றை வைத்திருப்பது அதிகமாகவா குறைவாகவா என்றால், வீடியோ பார்க்காதவர்கள் அதிகமாக வைக்கிறார்கள், வீடியோ பார்த்தவர்கள் மிகக் குறைவாக வைக்கிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. என்டியூரோ என்ற காட்டுப் பாதைப் பந்தயம் ஓட்டும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் 12 பிஎஸ்ஐ என்று சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வண்டி 110 கிலோ. நம் ஹிமாலயன் 200 கிலோவை ஒட்டி நிற்கிறது. அவருடைய ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் ரிம் லாக் இருக்கிறது. உள்ளே சாதா டியூப் இல்லை, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனான கனத்த டியூப். டயரின் பக்கச்சுவரும் தடித்தது. நம் வண்டியில் கம்பெனியிலிருந்து வருவது தார் ரோட்டையும் மனதில் வைத்துச் செய்த டயர், மெல்லிய டியூப், ரிம் லாக் கிடையாது. அந்த 12-ஐ இங்கே கொண்டுவந்து வைத்தால் முதல் பாறையிலேயே கணக்கு முடிந்துவிடும்.

டிரையல்ஸ் போட்டி வண்டிகளில் இன்னும் குறைவு; பின் டயரில் 4, 5 பிஎஸ்ஐதான் இருக்கும். பாறை மேல் நடக்கும் வேகத்தில் ஏறும் வண்டிகள் அவை, டயரே அதற்கென்று செய்தது. மறுமுனையில் டாக்கார் போன்ற நெடுந்தூர ரேலிகளைப் பாருங்கள். 2024 டாக்காரில் ரேலி 2 பிரிவை வென்ற கேரளத்து ஹரித் நோவா ஓட்டியது நம் ஓசூர் டிவிஎஸ் கைகோத்த ஷெர்கோ அணியின் வண்டி. அந்த மாதிரி ரேலி வண்டிகளில் பெரும்பாலும் டயருக்குள் காற்றே இருக்காது. மூஸ் என்ற வளையம், அடர்ந்த ரப்பர் நுரையால் ஆனது, டயர் முழுக்க அடைத்திருக்கும். புதிதாக இருக்கும்போது அது ஏறக்குறைய 12, 13 பிஎஸ்ஐ காற்றடித்த டயர் போல நடந்துகொள்ளும். பஞ்சர் ஆக வழியே இல்லை. ஆனால் தேய்ந்துகொண்டே போகும், வெப்பத்தில் கெடும். நம்மைப் போலத் தார் ரோட்டில் மண்ணுக்குப் போய்த் தார் ரோட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒத்துவராது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? நான் சொல்லப்போகும் எண்கள் 150 முதல் 200 கிலோ வரை எடையுள்ள, டியூப் போட்ட, 21 அங்குல முன் சக்கரம் கொண்ட வண்டிக்கு, மூட்டை இல்லாமல் தனி ஆள் ஓட்டுவதற்கு. எல்லாம் தொடக்கப் புள்ளிகள்.

தார் ரோட்டுக்கு யோசனையே வேண்டாம், கம்பெனி சொன்னதை வையுங்கள். செயின் கவர் மேலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கமோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். இறுகிய செம்மண், சரளை, ஆங்காங்கே குழி என்று கலந்து வரும் சாதாரண கிராமத்து மண் சாலைக்கு முன்னால் 22 முதல் 24, பின்னால் 24 முதல் 26. நம் ஊரில் நூற்றுக்கு எண்பது பாதை இதுதான் என்பது என் அனுபவம், அதனால் இந்த ஓர் எண்ணை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினாலும் தவறில்லை. கல்லும் பாறையும் அதிகம் என்றால் குறைக்காதீர்கள், அதிலிருந்து இரண்டு பாயிண்ட் கூட்டுங்கள். வழுக்கும் பாறையில் பிடி வேண்டுமே என்றால், காற்றுக்குப் பதில் வேகத்தைக் குறையுங்கள்.

ஆழமான மணலில் 15 முதல் 18. ரிம் லாக் இல்லாத வண்டியை 15-க்குக் கீழே நான் இறக்குவதில்லை. மணலுக்குள் கல் ஒளிந்திருக்கும் ஆற்றுப் படுகை என்றால் 20-லேயே நின்றுவிடுவேன். பிடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்தாலோ, கூடாரமும் பாத்திரமும் கட்டினாலோ, பின் சக்கரத்துக்கு மூன்று நான்கு பாயிண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் உடல் எடை 60 கிலோவுக்குள் என்றால் இரண்டு பாயிண்ட் குறைக்கலாம். 95-க்கு மேல் என்றால் இரண்டு கூட்டுங்கள்.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சேறும் ஒன்றில்லை. மேலே வழுவழுப்பும் கீழே கெட்டித் தரையும் உள்ள செம்மண் சேறு என்றால் 18 முதல் 20 நல்ல உதவி. பட்டன்கள் வளைந்து கொடுத்து, இடுக்கில் அடைந்த மண்ணைத் தாமே உதறிவிடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் வேறு சாதி. மழை பெய்து ஒரு மணி நேரம் ஆன கரிசலில் வண்டியை விட்டால், மண் டயரில் அப்பிக்கொண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைந்து, சக்கரமே சுற்றாது. குச்சியால் குத்தி எடுத்துவிட்டு ஐம்பது அடி போனால் மறுபடி அதே கதை. அங்கே 10 வைத்தாலும் 30 வைத்தாலும் பயனில்லை. கரிசல் காயட்டும் என்று டீக்கடையில் காத்திருப்பதே சரி.

முன் சக்கரமா, பின் சக்கரமா, எதைக் குறைவாக வைப்பது? தார் ரோட்டில் பின்னால் எடை அதிகம், அதனால் பின்னால் காற்று அதிகம். மண்ணில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கல்லை முதலில் சந்திப்பது முன் சக்கரம்; தள்ளும் பிடி வேண்டியது பின் சக்கரத்துக்கு. அதனால் எடை குறைந்த என்டியூரோ வண்டிகளில் இரண்டையும் சமமாகவோ, முன்னால் ஒரு பாயிண்ட் கூடவோ வைப்பார்கள். நம் வண்டிகள் பின்னால் கனமானவை, கம்பெனி டியூபோடு ஓடுபவை. ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சுருக்குங்கள், ஆனால் தலைகீழாக்க வேண்டாம். பின்னால் இரண்டு பாயிண்ட் கூடவே இருக்கட்டும்.

டியூப்லெஸ் சக்கரம் என்றால் பாம்புக்கடிப் பயம் இல்லை, கடிபட டியூபே இல்லையே. முள் ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், உட்கார்ந்த இடத்திலேயே திரி செருகி அடைத்துவிடலாம். பழைய கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்ற அலாய் சக்கரங்களில் வேறு கவலை: கல்லில் மோதினால் ரிம் விளிம்பு நெளிந்து அந்த வழியாகக் காற்று கசியும், பலமாக மோதினால் விரிசலே விடும். காற்று மிகக் குறைந்த டயர் பக்கவாட்டு அழுத்தத்தில் ரிம்மின் உதட்டை விட்டு உள்ளே நழுவவும் செய்யும். அப்படி நழுவினால் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும், கைப் பம்பால் மறுபடி உட்காரவைப்பது பெரும்பாடு. டியூப்லெஸ்ஸில் 18-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

டியூப் சக்கரத்தில் இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வரும். காற்று குறைந்தால் டயரின் ஓரம் ரிம்மைப் பிடிக்கும் பிடியும் குறையும். ஏற்றத்தில் திராட்டிலை முறுக்கும்போது ரிம் சுற்றிவிடும், டயர் சற்றுப் பின்தங்கும். டயரோடு ஒட்டியிருக்கும் டியூபும் பின்தங்கும். ஆனால் டியூபின் மவுத்து, அதாவது காற்றடிக்கும் வால்வு, ரிம் ஓட்டையில் மாட்டியிருக்கிறது, அதனால் நகர முடியாது. ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இழுபட்டு, ஒருநாள் மவுத்து அடியோடு பிய்ந்துவிடும். அந்த டியூபை ஒட்டவே முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மவுத்து ரிம்மிலிருந்து நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று ஒவ்வொரு ஓய்விலும் பாருங்கள். சாய்ந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது. இன்னும் தெளிவாகத் தெரிய, வெள்ளைப் பெயிண்டால் டயரிலும் ரிம்மிலும் சேர்த்து ஒரே கோடு போட்டுவையுங்கள். கோடு இரண்டாக விலகினால் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும். மவுத்தின் அடியில் இருக்கும் சின்ன நட்டை ரிம்மோடு இறுக்கிவைக்காதீர்கள். அதைத் தளர்த்தி மேலே மூடியோடு சேர்த்து வைத்தால், டியூப் கொஞ்சம் நகர்ந்தாலும் மவுத்து சாய்ந்து கொடுக்கும், உடனே பிய்யாது.

காற்றை எப்போது அளப்பது என்பதும் முக்கியம். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. நான் மேலே சொன்ன எண்கள் அனைத்தும் குளிர்ந்த டயருக்குரியவை. வெப்பம் 10 டிகிரி ஏறினால் 30 பாயிண்ட் டயரில் ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் கூடும். பாதை ஓரத்தில் நிறுத்திச் சூடான டயரை அளந்து 'அடடா, கூடிவிட்டதே' என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை தேவையைவிடக் குறைவாக இருக்கும்.

மலை ஏறினால் காற்று மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கடல்மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் அது ஏறக்குறைய 11-தான். ஆக, மேட்டுப்பாளையத்தில் 25 வைத்துவிட்டு ஊட்டி ஏறினால் கேஜ் மூன்று பாயிண்ட் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் ஊட்டியில் குளிர். வெப்பம் 15 டிகிரி இறங்கினால் இரண்டு பாயிண்ட் குறைந்துவிடும். கூட்டிக் கழித்தால் ஒரு பாயிண்ட் வித்தியாசம், கண்டுகொள்ள வேண்டியதில்லை. லடாக் போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். வெளிக்காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி அளவே. சமவெளியில் நிரப்பிய டயர் அங்கே கல்லாக இறுகியிருக்கும். லே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். இறங்கி வந்ததும் மறுபடி அளக்க மறக்காதீர்கள்; மேலே சரியாக இருந்தது கீழே குறைவாகிவிடும்.

கேஜ் என்று ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கேஜ்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பாயிண்ட் வேறுபடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 30-ல் அது பெரிய பிழையில்லை, 16-ல் பெரிய பிழை. உங்கள் கேஜும் அரை பாயிண்ட் தவறாகக் காட்டலாம். பரவாயில்லை, எப்போதும் அதே அளவுக்குத் தவறாகக் காட்டினால் போதும். நீங்கள் தேடுவது உங்களுக்குப் பொருந்தும் எண்ணை, அது உங்கள் கேஜில் காட்டும் எண்ணாகவே இருக்கட்டும். பம்பும் கட்டாயம். இப்போது பேட்டரியில் ஓடும் கையடக்கப் பம்புகள் வந்துவிட்டன, நல்லவைதான். ஆனாலும் நான் கைப்பம்பு ஒன்றைப் பையில் வைத்திருப்பேன், அதற்கு சார்ஜ் இறங்காது. வீட்டில் நின்றுகொண்டு அடிக்கும் சைக்கிள் பம்பில் பின் டயருக்கு ஒரு பாயிண்ட் ஏற மூன்று நான்கு அடி ஆகும். பையில் வைக்கும் குட்டிப் பம்பில் அதைப்போல் சில மடங்கு. உங்கள் பம்பில் எத்தனை என்று ஒருநாள் எண்ணிவைத்துக்கொண்டால், இருட்டில் கேஜ் தெரியாதபோது உதவும்.

இனி உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் மண் பாதையைத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் சரளை, ஒரு ஏற்றம், ஒரு வளைவு, நாலைந்து கல் இருந்தால் நல்லது. கம்பெனி சொன்ன காற்றில் ஒருமுறை போய் வாருங்கள். இரண்டு சக்கரத்திலும் இரண்டு பாயிண்ட் இறக்கி, அதே வேகத்தில் மறுபடி. அப்புறம் இன்னும் இரண்டு. ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: ஏற்றத்தில் பின் சக்கரம் சுழல்கிறதா, சரளை வளைவில் முன் சக்கரம் வழுக்குகிறதா, கல்லில் என்ன சத்தம் வருகிறது. முதல் இரண்டும் இறங்க இறங்கச் சரியாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் ஹேண்டில் சோம்பலாகத் திரும்பத் தொடங்கும், வளைவில் வண்டி நெளிவது போலத் தோன்றும். அங்கே நிறுத்துங்கள். எப்போதாவது அந்த உலோக 'டொக்' கேட்டால் உடனே நிறுத்தி, ரிம்மைத் தடவிப் பார்த்து, மூன்று பாயிண்ட் ஏற்றிவிடுங்கள். அதுதான் உங்கள் எடைக்கும் வேகத்துக்கும் அடிமட்டம். தேதி, பாதை, முன், பின், எப்படி இருந்தது என்று செல்போனில் ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

திரும்பி வரும் வழியைப் பற்றி ஒன்று. மண் பாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் எல்லோருக்கும் களைப்பாக இருக்கும், பசியாக இருக்கும், அடுத்த பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 17 பாயிண்டோடு தார் ரோட்டில் 80-ல் போனால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து விரிகிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது, டியூபும் டயரும் உரசிச் சூடேறுகின்றன. அந்த வெப்பத்தில் பழைய ஒட்டு பிரியும், டியூப் கிழியும். மண்ணில் டியூப் போனால் 20-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். இங்கே பின்னால் லாரி வரும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: தார் கண்ணில் பட்டதும் நிழலில் எல்லா வண்டியும் நிற்கும், ஒருவர் பம்பை எடுப்பார், மற்றவர்கள் முறை வைத்து அடிப்பார்கள். ஏழெட்டு வண்டிகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து டீயும் வடையும் வாங்கி வந்துவிடுவார்.